குறிவழிச் செல்லும் மனம்

நுழையும்முன்

புளியங்காய் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நாவூறும். காய் கையிலும் இல்லை, வாயிலும் இல்லை. சொல் மட்டுமே செவியில் விழுந்தது. ஆயினும் உடல் அதற்கு விடை கூறிவிடுகிறது. இது ஏன் நிகழ்கிறது? இதனால் மனிதருக்கு நன்மையா, தீமையா? இப்பாடம் அவற்றை ஆராய்கிறது.

மாங்காய்க் கீற்று

சித்தூர் மாவட்டம் கிளிமூக்கு மாம்பழத்திற்குப் பெயர்பெற்றது. தோத்தாபுரி என்றும் அதனை வழங்குவர். கோடையில் அதன் காயைக் கீற்றுகளாக அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சாலையோரத்தில் விற்பர். பள்ளி விட்டு வரும் மாணவி ஒருத்தி தொலைவிலேயே அத்தள்ளுவண்டியைக் காண்கிறாள். அவளுக்குப் பசியில்லை. எனினும் வாயில் நீர் சுரக்கிறது. கால்கள் வண்டியை நோக்கித் திரும்புகின்றன. அவளை முதலில் இழுத்தது மாங்காயின் சுவை அன்று, வண்டியின் தோற்றமே. இவ்வாறு, ஒரு நற்பயன் வரப்போகிறது என முன்னரே அறிவிக்கும் காட்சி, ஒலி, மணம் முதலியவற்றைத் தூண்டுகுறிகள் எனலாம்.

ஆய்வுகள் கூறும் உண்மை

செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் இரசிய அறிஞர் இவான் பாவ்லாவ். அவர் நாய்களுக்கு உணவளிக்கும் முன் ஒரு கருவியை ஒலிக்கச் செய்தார். பலமுறை இவ்வாறு செய்தபின், உணவு வராதபோதும் ஒலியைக் கேட்ட அளவிலேயே நாய்களுக்கு உமிழ்நீர் சுரந்தது. இதனை ஆக்கநிலையுறுத்தம் என்பர். உணவே தராமல் ஒலியை மட்டும் தொடர்ந்து எழுப்பியபோது, உமிழ்நீர் சுரப்பது படிப்படியாகக் குறைந்தது.

பின்னாளில் உல்ஃப்ராம் சுல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளின் மூளையை ஆராய்ந்தார். டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள், தொடக்கத்தில் பழச்சாறு கிடைத்தபோது கிளர்ச்சியுற்றன. சாறு வருவதை ஒரு குறி முன்னரே அறிவிக்கும் எனக் குரங்கு கற்றபின், அக்கிளர்ச்சி குறி தோன்றும் நேரத்திற்கு இடம் மாறியது. எதிர்பார்த்த சாறு வராதபோது கிளர்ச்சி தாழ்ந்தது. பரிசைக் காட்டிலும் பரிசின் முன்னறிவிப்பே சில வேளைகளில் உள்ளத்தை மிகுதியாக அசைப்பதன் காரணம் இதனால் விளங்குகிறது.

வேங்கடமலையில்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வட எல்லையாகக் குறிப்பிடும் வேங்கடம், இன்றைய திருப்பதியை அடுத்த திருமலை ஆகும். அங்கு வழங்கப்படும் லட்டு 2009ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மலைக்குச் சென்றவர் வீடு திரும்பிப் பையைத் திறக்கும் முன்பே நெய், ஏலம், பச்சைக் கற்பூரம் ஆகியவற்றின் மணம் கமழும். உடனே வீட்டுக் குழந்தைகள் ஓடிவந்து சூழ்ந்துகொள்வர்.

குறி மனிதரை நல்வழியிலும் செலுத்தும். அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. மாலை மயங்கியபின் மலைமீது காலி கோபுரம் விளக்கொளியில் மின்னுவது நகரிலிருந்தே தெரியும். கால் சோர்ந்தவரும் அவ்வொளியைக் கண்டு அடுத்த படியில் அடி வைக்கின்றனர். இங்கே குறி மனிதருக்குத் துணையாகிறது. ஏனெனில், செல்லும் இடத்தை அவரே முன்னர்த் தேர்ந்துவிட்டார்.

எவர் கையில் கடிவாளம்?

கைப்பேசியின் ஒலி வேறுவகையானது. ஒரு முறை நண்பரின் இனிய செய்தி வரும். பலமுறை பயனற்ற விளம்பரம் வரும். எப்போது நற்பயன் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியாத நிலையில் பழக்கம் எளிதில் தேய்வதில்லை. ஆகவே, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவரின் கை, ஒலி எழுந்ததும் அவர் எண்ணும் முன்னரே கைப்பேசியை நோக்கி நீள்கிறது. நேரத்தைச் செலவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்யவில்லை; குறி அவருக்காக முடிவு செய்துவிட்டது.

நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் 1895ஆம் ஆண்டு பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. பரிசும் தண்டனையும் காட்டிக் கற்பிப்பது உண்மைக் கல்வியாகாது என்பது அவர்தம் கருத்து. பதக்கத்திற்காகவே படிப்பவர், பதக்கம் இல்லாத நாளில் நூலை மூடிவிடுவார். அறிவதில் இன்பம் கண்டவரோ தொடர்ந்து படிப்பார்.

குறிகள் இல்லாத உலகம் இல்லை. நாவூறுவதைத் தடுக்கவும் இயலாது. ஆனால், நாவூறுவதற்கும் கை நீள்வதற்கும் இடையே ஒரு நொடி உண்டு. “எனக்கு இது வேண்டுமா?” என அந்நொடியில் தன்னையே வினவக் கற்றவர் தம் செயலுக்குத் தாமே தலைவர் ஆவார். படிக்கும் வேளையில் கைப்பேசியை வேறு அறையில் வைப்பதும், நூலை மேசைமேல் விரித்து வைப்பதும் அத்தலைமைக்கு முதற்படிகள்.

சொற்பொருள்

நற்பயன் – நன்மை தரும் விளைவு
கிளர்ச்சி – எழுச்சி
கமழும் – மணம் வீசும்
கடிவாளம் – குதிரையை அடக்கிச் செலுத்தும் கருவி

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நாவூறும், விளக்கொளி, முதற்படி.
2. தூண்டுகுறி என்பது யாது? பாடத்திலிருந்து இரண்டு சான்றுகள் தருக.
3. காலி கோபுரத்தின் ஒளியும் கைப்பேசியின் ஒலியும் எவ்வாறு வேறுபடுகின்றன?
4. ஒரு நாள் முழுதும் உன்னைச் செயல்படத் தூண்டிய மூன்று குறிகளைக் குறித்து வை. அவற்றுள் எது உனக்குத் துணை செய்தது, எது உன்னை இழுத்துச் சென்றது என்று ஐந்து தொடர்களில் எழுதுக.