சங்க இலக்கியத்தில் ஐயவி: பயன்பாட்டு முறையும் கடுகெண்ணெயின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறனும்

முன்னுரை

சங்கப் பாடல்கள் சுட்டும் ஐயவியை வெண்சிறுகடுகு என்பர் உரையாசிரியர். கடுகின் ஆவியாகும் எண்ணெய் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் என்பது இன்றைய ஆய்வுலகம் அறிந்த உண்மை. இவ்விரண்டையும் நேரே இணைத்து, ஐயவிப் புகையைக் கிருமிநீக்கம் எனக் கொள்வது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐயவியின் மூவகைப் பயன்பாடு

புண்பட்ட வீரனின் மனையைக் காட்டும் புறநானூற்று 281ஆம் பாடலில் ஐயவி சிதறப்படுகிறது. நறும்புகை அங்குத் தனியே குறிக்கப்படுகிறது. 296ஆம் பாடலில் ஐயவியே புகைக்கப்படுகிறது. நெடுநல்வாடையில் அது நெய்யுடன் அரண்மனை வாயில் நிலையில் அப்பப்படுகிறது.

கடுகெண்ணெயின் இயல்பு

செக்கில் பிழியும் கடுகெண்ணெய் பெரும்பாலும் கொழுப்பாலானது. கிருமிகளைத் தடுக்கும் அல்லைல் ஐசோதயோசயனேட் முழு விதையில் அவ்வடிவில் இருப்பதில்லை. கருங்கடுகு முதலியவற்றை ஈரத்துடன் அரைக்கும்போது மைரோசினேஸ் என்னும் நொதி சினிக்ரினைச் சிதைப்பதால் அது தோன்றுகிறது. எஸ்செரிசியா கோலி, சால்மோனெல்லா ஆகியவற்றின் வளர்ச்சியை அது தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. கடுவெப்பத்தில் இந்நொதி செயலிழந்துவிடும். வெண்கடுகில் சினிக்ரினுக்கு மாறாகச் சினால்பின் மிகுந்துள்ளது. அதிலிருந்து தோன்றும் காரப்பொருள் எளிதில் ஆவியாவதில்லை. விதையின் வெண்ணிறம் மட்டும் கொண்டு தாவர இனத்தை உறுதிசெய்யவும் இயலாது. பிற கடுகினங்களிலும் வெளிர்நிற விதை வகைகள் உண்டு.

ஒப்பீடு

சிதறிய முழு விதையில் இவ்வேதிவினை நிகழாது. புகைக்கும்போது வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்யும். புகையில் வேறு பொருள்கள் தோன்றலாமெனினும், ஆய்வகத்தில் கண்ட எண்ணெயின் திறனை அதற்கு அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது. அரைத்து ஈரத்துடன் அப்பினால் அவ்வினை நிகழக்கூடும். ஆயின் நெடுநல்வாடையில் ஐயவி அப்பப்பட்ட இடம் வாயில் நிலையேயன்றிப் புண்ணன்று. புண்ணோனைப் பேய் அணுகாமல் மனைவி காப்பதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் தொடாக்காஞ்சி எனத் தனித்துறையாக வகுத்துள்ளமையும் இவ்வழக்கத்தின் நோக்கத்தைத் தெளிவாக்குகிறது.

முடிவுரை

விதை ஒன்றாயினும் பயன்படுத்தும் முறை மாறின் விளைவும் மாறும். எனவே, இலக்கியத் தாவரங்களுக்கு மருத்துவப் பண்பு கூறுவோர் தாவர இனம், பயன்பட்ட உறுப்பு, பக்குவம், பயன்படுத்திய இடம் ஆகிய நான்கையும் முதலில் வரையறுத்தல் வேண்டும். புண்ணுற்றவனைச் சூழ்ந்து மனையோர் காத்த பரிவு, அறிவியற் சான்று இன்றியும் தன்னளவில் பொருளுடையது.