கண்ணுக்குள் ரத்தம்: காத்திருப்பதா, அறுவையா?

கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தால் சிலர் "மறுபடியும் ஆபரேஷனா?" என்று தயங்குகிறார்கள், சிலர் "உடனே எடுத்துவிடுங்கள்" என்று அவசரப்படுகிறார்கள். இரு தரப்பும் பார்வை எவ்வளவு மங்கியது என்பதையே பார்க்கிறது. முடிவு செய்ய வேண்டியவை வேறு: ரத்தம் தேங்கிய இடம், கண் அழுத்தம், விழித்திரையின் நிலை.

கருவிழிக்குப் பின்னுள்ள முன்னறையில் தேங்கும் ரத்தம் பெரும்பாலும் சில நாட்களில் வடிந்துவிடும். தலையை உயர்த்திப் படுப்பதும் சொட்டு மருந்தும் போதும். அழுத்தம் 50 மி.மீ. அளவில் ஐந்து நாளோ, 35 மி.மீ. அளவில் ஏழு நாளோ நீடித்தால் அறையைக் கழுவி ரத்தத்தை எடுப்பது பழைய வழக்கம். அடிபட்ட கண்களை வைத்து வகுத்த கணக்கு அது. குளுக்கோமாவால் நரம்பு நைந்தவருக்கு அவ்வளவு தாமதம் ஆகாது. கசிவு திரும்பத் திரும்ப வந்தால், பொருத்திய லென்ஸ் ஐரிஸை உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். உரசினால் லென்ஸை நகர்த்தவோ மாற்றவோ வேண்டும். கழுவுவது மட்டும் தீர்வாகாது.

லென்ஸுக்குப் பின்னுள்ள கூழ்மத்தில் கலந்த ரத்தம் கரைய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஆனால் பி-ஸ்கேன் என்ற அல்ட்ராசவுண்ட் சோதனையில் விழித்திரை விலகியிருப்பது தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. கூழ்மத்தை அகற்றும் விட்ரெக்டமியை விரைவில் செய்ய வேண்டும். சர்க்கரை நோயால் வந்த கசிவில் 205 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, கண்ணுக்குள் போடும் அஃப்லிபெர்செப்ட் ஊசியையும் லேசருடன் கூடிய விட்ரெக்டமியையும் ஒப்பிட்டது. 24 வாரச் சராசரிப் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. ஆனால் தொடக்க வாரங்களில் அறுவை செய்தவர்களுக்கே பார்வை சீக்கிரம் தெளிந்தது. எனவே மறு கண்ணும் பலவீனமானவருக்கு அறுவையின் பக்கம் நியாயம் கூடுகிறது. விட்ரெக்டமி கண்புரையை வளர்க்கும் என்ற வழக்கமான ஆட்சேபம் லென்ஸ் மாற்றியவருக்குப் பொருந்தாது. விழித்திரைக் கிழிசலும் தொற்றும் வரும் அபாயம் மட்டும் அவருக்கும் உண்டு. ஆகவே விழித்திரை ஒட்டியிருந்து, ரத்தமும் கரைந்துவந்தால் பொறுப்பதே சரி.

கண்ணின் வெள்ளைச் சுவருக்கும் அதன் உட்புற ரத்தநாளப் படலத்துக்கும் இடையே பெருகும் கசிவு மிக ஆபத்தானது. கடும் வலியும் வரும். ஆயினும் உறைந்த ரத்தம் இளகட்டும் என்று, பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம் கழித்தே வடிப்பார்கள். அடங்காத அழுத்தமோ வலியோ இருந்தாலும், வீங்கிய அந்த உட்படலத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றையொன்று தொட்டாலும் வடிப்பதே வழி.

ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: ரத்தம் எங்கே? அழுத்தம் எத்தனை? விழித்திரை ஒட்டியிருக்கிறதா? ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலியோடு பார்வை குறைந்தால் தொற்றாகவும் இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.