இளைஞர் தொழில் நிதியும் சிறுதொழில் வளர்ச்சியும்

(இரண்டாமாண்டு, கணிதம்)

வேலை தேடும் இளைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்கிப் பிறருக்கும் வேலை தர வேண்டும் என்ற நோக்கத்துடன் அரசு பல நிதித் திட்டங்களை வகுத்துள்ளது. இந்நிதி சிறுதொழிலை எந்த அளவு வளர்க்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1993 அக்டோபர் 2-இல் பிரதமரின் ரோஜ்கார் யோஜனா தொடங்கப்பட்டது. அதில் மானியம் 15 விழுக்காடு. ஆனால் 7,500 ரூபாய்க்கு மேற்படாது. ஆகவே ஓர் இலட்ச ரூபாய்த் திட்டத்திற்குக் கிடைத்தது 7½ விழுக்காடே. 2008-இல் அது ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் ஆயிற்று. அதன்படி ஊரகப் பொதுப்பிரிவினருக்கு 25 விழுக்காடும், சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம் என வகுக்கப்பட்டது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஊரகத்தில் பொதுப்பிரிவினர் ஒருவர் 5 இலட்ச ரூபாயில் தொழில் தொடங்குகிறார். சொந்தப் பங்கு 50,000. வங்கிக் கடன் 4,50,000. மானியமாகிய 1,25,000 ரூபாய் மூன்றாண்டு வங்கியில் வைப்பாக இருக்கும். கடனில் அந்த அளவுக்கு வட்டி கிடையாது. தொழிலைப் பாதியில் கைவிடாமல் நடத்துவோருக்கே இப்பணம் சேர வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் உட்பொருள்.

அப்படியிருந்தும் சில தொழில்கள் தள்ளாடுவது ஏன்? என் அண்ணன் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். வங்கிக் கடனில் கம்ப்ரசரும் கருவிகளும் வந்துவிட்டன. உதிரிப் பாகங்களை மட்டும் ரொக்கம் கொடுத்தே வாங்க வேண்டும். வண்டிக்காரர்களோ சம்பளம் வந்ததும் தருகிறோம் என்பார்கள். இந்த இடைவெளியை நிரப்ப அவர் தண்டல் வாங்கினார். 10,000 என்று பெயர். கைக்கு வருவது 9,000. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். தவணைதோறும் அசல் குறைந்து வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 77-ஐத் தாண்டுகிறது!

மேலே சொன்ன 5 இலட்ச ரூபாய்த் தொழிலுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். கைக்கு 45,000 பெற்று 50,000 கட்டும் தண்டல் மூன்றாண்டு தொடர்ந்து சுழன்றால், வட்டியாக மட்டும் சுமார் 55,000 ரூபாய் போய்விடும். அதாவது, அரசு தரும் மானியத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தண்டல்காரருக்குச் சேர்கிறது.

இதற்கு வழி அத்திட்டத்திலேயே உண்டு. இயந்திரச் செலவோடு நடைமுறை மூலதனத்தையும் திட்ட மதிப்பீட்டில் காட்டி, வங்கியில் ரொக்கக் கடனாகக் கேட்கலாம். இயந்திரத்தின் விலையை எல்லோரும் எழுதுகிறார்கள். சரக்குக்கும் கடன் நிலுவைக்கும் வேண்டிய தொகையைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர் உள்ளனர். நம் ஊரில் ஒருவர் கடன் விண்ணப்பத்தோடு வந்து நின்றால், அந்த ஒரு வரி விடுபடாமல் எழுதிக் கொடுப்போம். நாம் கற்ற கணக்கு முதலில் அங்கே பயன்படட்டும்.