ரொறன்ரோ நீதிமன்றத்தில் ஒரு பிள்ளை

அன்புள்ள பிள்ளைக்கு,

கலியாணம் கட்டியவருக்கு வேறு தொடர்பு இருந்தால் கனடாச் சட்டம் அவரைத் தண்டிக்குமா என்று கேட்டிருந்தாய். அது மட்டும் இங்கே குற்றமாகாது. வீட்டின் பெறுமதியைப் பங்கிடும்போதோ தாபரிப்புப் பணத்தைத் தீர்மானிக்கும்போதோ ஒன்ராறியோ நீதிபதி அதைக் கணக்கில் எடுக்கமாட்டார். ஊர்வாய்தான் எடுக்கும்!

முன்பு நிலைமை வேறு. 1921இல் ரொறன்ரோவில் நடந்த ஓர்ஃபர்ட் வழக்கைப் பார். தாபரிப்புக் கேட்டு வந்த மனைவி, கணவர் கனடாவில் இருந்தபோது இங்கிலாந்தில் பிள்ளை பெற்றிருந்தார். எவரோடும் கூடவில்லை, செயற்கை முறையில் கருத்தரித்தேன் என்றார். நீதிபதி ஓர்ட் அதை நம்பவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அவரோ, அவள் சொல்வது உண்மையென்றாலும் அது சோரமே என்றார். கணவனல்லாத ஒருவரால் கருவுற மனைவி இசைந்தாலே போதுமாம். குடும்பத்துக்குள் வேறு இரத்தம் புகுந்துவிடுகிறதே! துரோகத்தைவிட வாரிசுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது என்பேன்.

வாரிசுதான் கவலையென்றால் ஆண் எங்கே போனாலும் வீட்டுக்கு நட்டமில்லை. இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமுறிவு கேட்கும் கணவனுக்கு மனைவியின் சோரம் ஒன்றே போதும். மனைவியோ கொடுமை, கைவிடல் என்று இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். அதைப் பின்பற்றிய கனடிய மாகாணங்களில் 1925இல்தான் இந்த ஓரவஞ்சனை நீங்கியது. சோரத்தைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு இன்னும் வெளிப்படை: மனைவியோடு இன்னொருவர் கூடுவதற்குக் கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை. மனைவியை உடைமையாக எண்ணினால்தானே இப்படி எழுத வரும்? 2018 செப்டெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது.

2005இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மனைவி, தன் கணவருக்கு இன்னோர் ஆணுடன் உறவு என்று சொல்லி மணமுறிவு கேட்டார். அதுவும் சோரமே என்றது நீதிமன்றம். அங்கே பிள்ளை பிறக்க வழியேயில்லை. வாரிசுக் கவலை உதிர்ந்துபோய், நம்பிக்கை முறிந்ததுதான் மிஞ்சியது. எனக்கு இந்தத் தீர்ப்புத்தான் நேர்மையாகப் படுகிறது.

1986இலிருந்து நடப்பிலுள்ள கனடிய மணமுறிவுச் சட்டத்திலும் சோரம் ஒரு காரணமாக உண்டு. ஆனால் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்தாலே மணமுறிவு கிடைக்கும்போது, காசு செலவழித்து அதை நிரூபிக்க யார் மினக்கெடுவார்கள்? ஓர்ஃபர்ட் தீர்ப்பைத் தேடி எடுத்து வாசி. அடுத்த முறை வரும்போது இருவரும் சேர்ந்து அந்த நீதிபதியோடு சண்டை பிடிப்போம்.

அன்புடன்,
மாமா