ஜூன் மாதமும் தீபாவளியும்

கேள்வி: கணவரின் சம்பளம் மாதம் 22,000. சிக்கனமாகத்தான் இருக்கிறோம். ஆனாலும் ஜூனிலும் தீபாவளிக்கும் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் சிக்கனத்தில் குறையில்லை, சகோதரி. மாதக் கணக்கு போடுகிறீர்கள். வருடக் கணக்கு போடவில்லை. பள்ளிக் கட்டணம் 18,000, தீபாவளி 9,000, ஊர்த் திருவிழா 5,000, வீட்டு வரி 2,500, வண்டி இன்சூரன்ஸ் 1,500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 36,000. அதாவது மாதம் 3,000. சம்பளம் வந்த அன்றே இதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். நகைச்சீட்டில் போடாதீர்கள், ஜூனில் அது பணமாகக் கைக்கு வராது.

அந்த மூவாயிரத்துக்கு எங்கே போவது? ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், விடாமல் வாங்குங்கள். புளியை மாசி, பங்குனியில் மொத்தமாக வாங்கி, கொட்டை நீக்கி, கல்லுப்பு தூவி மண்பானையில் அழுத்தி வைத்தால் வருஷம் முழுக்க வரும். மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டவே கூடாது. தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். மீட்டரை வாரம் ஒருமுறை பாருங்கள்.

பிள்ளைகளின் பாலிலும் முட்டையிலும் மட்டும் கை வைக்காதீர்கள். முதல் வருடம் முழுத்தொகை சேராது. பாதி சேர்ந்தாலும் வட்டி பாதியாகும். இந்த மாதமே தொடங்குங்கள்.