மனப்பளு தீர வழியுண்டு



ஹட்டன், நுவரெலியா மலைகளில் ஒரு தாயின் நாள் எப்படிக் கழிகிறது? விடியுமுன் அடுப்பு மூட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடுகிறாள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். கடைக் கணக்கோ ஏறுகிறது. மாலையில், தேத்தண்ணியைச் சிந்திய பிள்ளையின் முதுகில் அடி விழுகிறது. பிள்ளையின் குற்றம் சிறிது. அங்கே இறங்கியது நாள் முழுதும் சேர்ந்த பளு.

ஆபத்து வந்தால் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. பாம்பைக் கண்டு விலகி ஓட இது உதவும். கடனைக் கண்டு ஓட முடியுமா? இறுக்கம் தளராமல் நாட்கணக்கில் நின்றால் தூக்கம் கெடும்; தலை வலிக்கும்; எரிச்சல் மிகும். இதனைத் தளர்த்த நாம் செய்யக்கூடியவை நான்கு.

1. தசை தளர்த்தல்: அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட முறை இது. படுத்தபடி கைகளை இறுக மூடி ஐந்து வரை எண்ணுங்கள்; பின் மெல்லத் தளர விடுங்கள். தோள், முகம், கால் என ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். மூச்சு நிதானமாகட்டும். பத்து நிமிடம் போதும்.

2. தேநீர்: இரவில் குடிக்கும் சாயம் தூக்கத்தைக் கெடுக்கும். சாப்பாட்டோடு குடித்தால் உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இரத்தச்சோகை வந்தால் களைப்பு இரட்டிக்கும். உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

3. குடி: சாராயமும் கசிப்பும் கவலையை மறக்கச் செய்வதுபோலத் தோன்றும். நடு இரவில் தூக்கம் கலையும். காலையில் கவலையோடு கடனும் நிற்கும்.

4. பகிர்வு: கணவர் தண்ணீர் எடுத்து விறகு பிளந்தால், மனைவிக்கு அரைமணி ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் இருவரும் இஸ்தோப்பில் அமர்ந்து மனம்விட்டுப் பேசுங்கள்.

இவற்றால் சம்பளம் உயராது. லயத்துக் கூரையின் ஒழுக்கும் நிற்காது. அவற்றுக்காக ஒன்றுகூடிக் கேட்பது தனிக் கடமை. ஆனால் அதுவரை நம் பளுவைப் பிள்ளைகள் சுமக்க வேண்டாம்.

சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். வாழ்வே வெறுத்தால் ஒரு நாளும் தாமதியாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தை 1926 என்ற இலக்கத்தில் அழையுங்கள். காய்ச்சலுக்கு மருந்து கேட்பதில் வெட்கமில்லை. இதற்கும் வெட்கம் வேண்டாம்.