இறுக்கும் பூட்ஸை இளக்குவது எப்படி?
புதுத் தோல் பூட்ஸ் காலைக் கடிக்கிறதா? பாலிதீன் பையில் நீர் நிரப்பி, பூட்ஸுக்குள் வைத்து உறையவிட்டால் அது அகன்றுவிடும் என்பார்கள். உறையும்போது நீரின் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவது உண்மையே. ஆனால் அகலத்தில் கணக்கிட்டால் சுமார் 3 சதவீதந்தான், 8 செ.மீ. அகலத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை! அதிலும், எதிர்ப்பில்லாத வாய்ப்புறமாகவே பனிக்கட்டி பெரிதும் பிதுங்கும்.

தோல், கொலாஜன் நார்களின் பின்னல். சட்டென இழுத்துவிட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்கே மீளும். நெடுநேரம் இழுபட்டிருந்தால் நார்கள் மெல்ல வழுக்கி இடம் மாறும். ஈரம் இதை எளிதாக்கும். எனவே சற்றே ஈரமாக்கிய செய்தித்தாளைக் கசக்கி, விரல் பகுதியில் இறுகத் திணித்து, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம், தோல் விறைத்து வெடிக்கும் (என் பூட்ஸ் ஒன்று அப்படித்தான் போயிற்று). நீளமே போதாவிட்டால் இம்முறை பலிக்காது; அடித்தட்டு நீளாதே! கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.